இருபத்தொன்றாவது சொல்

ஆல்டோனா பதிவகம், மூன்றாம் மாடி, நாலாம் முகப்பு.
குழந்தைக்குப் பெயர் சொல்ல
ஒரு மாதம் தருகிறது ஜெர்மானியச் சட்டம்.
லியாவ் நிங்யுவான் வந்தது இருபத்து மூன்றாம் நாள்,
படிவத்தில் அந்தக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு.

"எங்கள் குலத்தில் பெயரை நாங்கள் வைப்பதில்லை," என்றார்.
"ஒரு கவிதை வைக்கும்."

இருபது சொல்.
ஷெஜியாங் மலைக்குள் ஒரு கோயிலில்
மூதாதை எவரோ எழுதிவைத்துப் போனது.
தலைமுறைக்கு ஒரு சொல்.
அந்தத் தலைமுறை ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும்
அதே சொல் பெயரின் நடுவில் நிற்கும்.
முகம் அறியாத இருவர் ஏதோ துறைமுகத்தில் சந்தித்தால்
பெயரைக் கேட்டாலே போதும்,
யார் யாருக்குச் சித்தப்பன் என்று தெரிந்துவிடும்.
அறுபது வயதுக்காரர்
ஆறு வயதுப் பையனுக்குத் தலைகுனிய நேரும்.
வாசித்து முடிக்க
ஐந்நூறு ஆண்டு பிடிக்கிற கவிதை.

பதினேழாம் சொல், ஒளி:
நீராவிக் கப்பலில் கரி அள்ளிப் போட்டபடியே
ஹம்பர்க் வந்து இறங்கிய பூட்டன்.
பதினெட்டு, வாசல்: அவர் மகன்.
பழைய பேரேட்டைப் புரட்டினேன், எங்கள் ஏட்டில் அவன் ஹைன்ஸ்.
தகப்பன் என்ற இடத்தில் ஒரு கோடு.
பின்னொரு நாள் திருத்தியிருக்கிறார்கள், ஊதா மையில்.
(நாற்பத்து நான்கு, மே மாதம், ஷ்முக் தெருவில்
வீடு வீடாக ஏறிச் சீனர்களை அள்ளிப் போனார்கள்.
பூட்டன் திரும்பி வந்தார்.
எப்படி வந்தார் என்று நிங்யுவான் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.)
பத்தொன்பது, ஈரம்.
இருபது, அமைதி. அது இவர்.
கவிதை இவரோடு முடிகிறது.

முடிந்தால் ஊர் கூடி அடுத்த இருபதை எழுத வேண்டும்.
ஊர் எங்கே கூடும்?
கோயில் அணைக்கட்டுத் தண்ணீருக்கு அடியில்.
ஊர் இப்போது ஒரு கைபேசிக் குழு:
பிராட்டோவில் தையற்கூடம், லாகோஸில் செருப்புக் கடை,
வென்ஜோவில் ஓய்வுபெற்ற வாத்தியார்கள் மூன்று பேர்.
வாத்தியார்களுக்கு 'அறம்' வேண்டும்.
பிராட்டோவுக்கு 'செல்வம்'.
லாகோஸ்காரர் தினமும் விடிகாலையில்
ஒரு பூப்படம் மட்டும் அனுப்புகிறார்.

இதில் பெண்குழந்தை வேறு.
பெண்ணுக்கு எதற்குச் சொல் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.
குலநூலில் பெண்களுக்கு ஒரு வரி உண்டு:
'மகள் ஒருத்தி, சென் வீட்டுக்குக் கொடுத்தது.'
அதைக் கேட்ட வீப்கே
தொட்டில் ஆட்டுவதை நிறுத்திவிட்டாளாம்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கருத்துச் சொல்ல அனுமதியில்லை.
எனக்கும் பெயரோடு ஒரு வழக்கு உண்டு.
என் பெயரோடு சேர்ந்து வந்த அப்பா பெயரை
குடும்பப்பெயர் என்று எழுதிக்கொண்டது இந்த நாடு.
மயூரதி யாரென்று இந்த மாடியில் யாருக்கும் தெரியாது.
"ஃப்ராவ் அருளம்பலம்" என்று கூப்பிடுகிறார்கள்;
பருத்தித்துறையைத் தாண்டாத மனுஷன்
நாளுக்கு நாற்பது தடவை எழுந்து நிற்கிறார்,
கையில் கோப்போடு.

முப்பதாம் நாள். மூடுவதற்குப் பத்து நிமிடம்.
எல்பேயிலிருந்து சாய்ந்தடிக்கும் மழை.
இருவரும் வந்தார்கள்,
துணிக்கட்டில் குழந்தை வீப்கேயின் மார்போடு.
குழு இன்னும் முடிவு செய்யவில்லை.
வாத்தியார் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார்.

வீப்கே பேனாவை வாங்கினாள்.
சீனத்தில் அவளுக்குப் பதினோரு எழுத்துத் தெரியும்.
தெரிந்ததில் ஒன்றை எழுதினாள்,
இரண்டே கோடு,
கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி.
"யோ."

பொருள் கேட்டேன்.
"மறுபடி," என்றாள்.
"இன்னும்," என்றார் அவர். பிறகு சிரித்தார்:
"பெரிய சொல் இல்லை.
காய் நிறுத்த பிறகு, இதோடு இன்னொன்று போடு என்போமே,
அது."

எங்களிடம் அதற்குத் தனியாக ஒரு சொல் கூட இல்லை.
எதிலாவது ஒட்டிக்கொண்டுதான் வரும்:
அவளும்.
மழையும்.

மூன்று எழுத்தைத் தட்டினேன், முத்திரை குத்தினேன்.
சான்றிதழைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார்.
வென்ஜோ மௌனம். பிராட்டோ மௌனம்.
லாகோஸிலிருந்து
நேரம் கெட்ட நேரத்தில்
ஒரு பூ.